அத்தை பராக்குப் பார்த்த மத்தியானம்

நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் நேற்றுக் காலை ஒருத்தி எழுதியிருந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றாளாம். மருமகள் வந்துதான் மூடினாளாம். அதிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உடனே இன்னொருத்தி, பால் வாங்க வாசலுக்குக் கிளம்பியவள் மொட்டை மாடியில் போய் நின்றதை எழுதினாள். மத்தியானத்துக்குள் குழுவில் பாதிப்பேர் நோயாளிகள் ஆகிவிட்டோம். வல்லாரைக் கீரையை எப்படி அரைப்பது என்று வீடியோ வேறு வந்துவிட்டது.

பெண்டுகளா, கொஞ்சம் நிதானியுங்கள். இந்த விஷயத்தில் நான் உங்களுக்கெல்லாம் சீனியர். அறுபது தாண்டி நீங்கள் தொடங்கியிருக்கிற வேலையை நான் பத்து வயதிலேயே தொடங்கிவிட்டேன். அதற்காக வேப்பிலை அடி வாங்கி, கழுத்தில் தாயத்துக் கட்டிக்கொண்டு, தஞ்சாவூர் டாக்டர் வரைக்கும் போய் வந்தவள் நான். உங்களில் யாருக்கும் அந்தப் பெருமை கிடையாது. அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். அப்புறம் வல்லாரை அரைப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கடற்கரைப் பக்கம் பெரிய புயல் அடித்த வருஷம் அது. கார்த்திகையில் புயல், நான் சொல்வது அதற்கு அடுத்து வந்த தை, மாசி. எங்கள் ஊர் உள்ளே தள்ளி இருந்ததால் நாலு மரமும் இரண்டு கூரையும் போனதோடு சரி. சம்பாப் பயிர் தப்பித்து, அறுத்து, வீடு வந்து சேர்ந்திருந்தது. வீட்டுக்கு வேண்டிய நெல்லை அவித்துக் காயவைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. விடிவதற்கு முன்பே அம்மா செம்பு அண்டாவை அடுப்பில் ஏற்றிவிடுவாள். நான் எழுந்து வரும்போது கொல்லை முழுவதும் ஆவி நிற்கும். அவிந்த நெல்லின் வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கொஞ்சம் வைக்கோல், கொஞ்சம் வேகிற சோறு, கொஞ்சம் மண். இப்போது பையில் வருகிற அரிசிக்கு அந்த வாசனையே இல்லை. அந்த அண்டாவும் இல்லை, எந்தக் கல்யாணச் செலவில் போனதோ தெரியாது.

வெந்த நெல்லைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து களத்தில் பரப்புவார்கள். அதற்கப்புறம் அது என் பொறுப்பு. காலால் துழாவி விடவேண்டும். பாதத்தைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே போனால் நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கோடு விழும்; ஒரு பக்கம் முடித்துவிட்டுக் குறுக்கே போகவேண்டும். நடுவில் காக்கை, கோழி, ஆடு எது வந்தாலும் விரட்டவேண்டும். அதற்கென்று அப்பா ஒரு மூங்கில் கழியில் தகர மூடிகளைக் கோத்துக் கட்டிக் கொடுத்திருந்தார். அதை ஆட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

கழியை ஆட்டுவதற்கு நான் அங்கே இருந்தால்தானே. நெல்லில் விழுகிற கோடுகள் எனக்குத் தண்டவாளம். நான் மாயவரம் போகிற ரயிலின் டிரைவர், கார்டு, டிக்கெட் பரிசோதகர் எல்லாம். முதல் கோட்டில் பாபநாசம், இரண்டாவதில் கும்பகோணம். ஆடுதுறையில் ஒரு கிழவர் முறுக்கு விற்க ஏறுவார், அவரிடம் டிக்கெட் இருக்காது, வாக்குவாதம் நடக்கும். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது எதிர் வீட்டு மூளிக்காது ஆடு, ஒரு காது அறுந்துபோன அந்தத் திருட்டு ஆடு, களத்தின் மறுகோடியில் நின்று நிதானமாக நெல் தின்னும். கால் தன்பாட்டுக்குத் துழாவிக்கொண்டிருக்கும், கண் ஆட்டின் மேலேயே இருக்கும், ஆனால் நான் ஆடுதுறையில் இருப்பேன்.

அம்மா கொல்லையிலிருந்து ஓடிவருவாள். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிற பெண்ணைப் பெற்றவள் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்திதான் என்பாள். கூடவே என் அத்தையைக் காட்டி ஒரு பாட்டு உண்டு. "உன் அத்தையப் பாரு. எத்தனை அடக்கம். வச்ச இடத்துல வச்ச மாதிரி இருக்கா."

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. இருபத்திரண்டு வயது இருக்கும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமா சிங்கப்பூரில் வேலை. அங்கே அத்தையும் அவள் மாமியாரும் மட்டும்தான். புயலன்று தண்ணீர் ஊருக்குள் வந்தபோது மாமியார் போய்விட்டார், அத்தை பிழைத்தாள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பா போய் அழைத்துவந்தார். பங்குனியில் மாமா விடுப்பில் வருகிறவரைக்கும் இங்கே இருக்கட்டும் என்று பேச்சு.

அத்தை அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். இவ்வளவு பெரிய கஷ்டத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, என்ன மனத்திடம் என்றார்கள். அப்பா அதைத் தேநீர்க் கடையிலும் சொல்லி, சொசைட்டியிலும் சொல்லி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொல்வார். தங்கையைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு பெருமை.

நான் வேறொன்றைக் கவனித்திருந்தேன். வீட்டில் யாராவது பராக்குப் பார்த்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? அது என் தொழில் அல்லவா. அத்தை சாப்பிட உட்கார்ந்தால் சில சமயம் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும். வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பாள், யாரோ தட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. ஒரு நாள் வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கையில் குடமும் இல்லை, துணியும் இல்லை. நான் கூப்பிட்டேன், நாலைந்து தடவை. பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "நான் எப்ப இங்க வந்தேன்?" என்று கேட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கே போயிருந்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். நான் என் ஆடுதுறையைச் சொல்கிறேன், நீங்கள் உங்கள் ஊரைச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். அத்தை எங்கேயும் போகவில்லையே என்றாள். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பெரியவர்கள் தங்கள் ரயிலைப் பிறருக்குக் காட்ட மாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

இதற்கிடையில் என் கதை முற்றிவிட்டது. ஒரு மத்தியானம் மூளிக்காது ஆடு அரைகுறையாகக் காய்ந்த நெல்லை வயிறு முட்டத் தின்று, வயிறு ஊதிப் படுத்துவிட்டது. எதிர் வீட்டுக்காரி தெருவில் நின்று, தன் ஆட்டைக் கொல்வதற்காகவே நெல்லைக் காயவைத்தோம் என்று சண்டை பிடித்தாள். ஆட்டுக்கு இஞ்சியும் எண்ணெயும் புகட்டிப் பிழைக்க வைத்தார்கள். அடுத்து என்னைப் பிழைக்க வைக்கும் ஏற்பாடு தொடங்கியது. உச்சி வேளையில் வாய்க்கால் புளியமரத்தடியில் போனதால் என்னை ஏதோ பிடித்திருக்கிறது என்று எதிர் வீட்டுக்காரியே கண்டுபிடித்துச் சொன்னாள்.

பூசாரி வந்தார். வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால்வரை அடித்தார். வலிக்கவில்லை, கூச்சமாக இருந்தது. அவர் காதில் ஒரு சிவப்புக்கல் கடுக்கன் போட்டிருந்தார். அது ஆட ஆட ரயில் சிக்னல் விளக்கு ஆயிற்று. நான் கும்பகோணத்தில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தபோது பூசாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் இறங்கவில்லை, கொஞ்சம் பிடிவாதமான ஜாதி என்று அம்மாவிடம் சொன்னார். கழுத்தில் தாயத்துக் கட்டினார். அது நல்ல கனமான தாயத்து. விரலால் சுண்டிவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நான் மாயவரத்தைத் தாண்டிச் சீர்காழிவரை போய்விடுவேன்.

அந்த வாரத்திலேயே ஒரு விடியற்காலை. அண்டாவிலிருந்து நெல் அள்ள அம்மாவோடு அத்தையும் நின்றாள். நான் கம்பளியை இறுக்கப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் வலது கை கொதிக்கிற அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அம்மா பார்த்து அலறிக் கையைப் பிடுங்கி விட்டாள். உள்ளங்கை முழுவதும் கொப்புளம். மருந்து போட வந்த பக்கத்து வீட்டு அம்மாள் அப்போதும் அதையே சொன்னாள்: என்ன பொறுமை பாரு, ஒரு சத்தம் போட்டாளா. அன்றைக்கு எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. ரயிலில் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் சுட்டால் நான் திரும்பி வந்துவிடுவேனே.

பள்ளிக்கூடத்து டீச்சருக்குப் பூசாரியிடம் நம்பிக்கை இல்லை. எனக்குக் காது மந்தம், தஞ்சாவூரில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். அம்மா நெல் ஊறப்போட்டிருந்தாள், வர முடியாது. அத்தையை அனுப்பினால் அவளுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்றாள். அப்பா, நான், கையில் கட்டுப்போட்ட அத்தை, மூன்று பேரும் பேருந்து ஏறினோம்.

காது டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பெண்ணுக்குப் பாம்புக்காது என்றார். அப்பா ஆடு ஊதின கதைவரைக்கும் சொல்லி முடித்ததும், மாடியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், மனசு சம்பந்தமாகப் பார்க்கிறவர், ஒரு வார்த்தை காட்டிவிடுங்கள் என்றார். அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால் என்ன ஆவது? எங்களை மேலே அனுப்பிவிட்டு, யாருக்கோ காத்திருப்பவர் மாதிரி படிக்கட்டின் கீழே நின்றுகொண்டார்.

டாக்டரம்மா பருமனாக, சிரித்த முகமாக இருந்தார். நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததுமே அவர் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் காத்திருந்துவிட்டு, இப்போது எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். வாழ்க்கையில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முறுக்குக் கிழவர், டிக்கெட், சிக்னல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கூப்பிட்டால் கேட்குமா என்றார். கேட்கும், ஆனால் ஸ்டேஷன் வரட்டும் என்று இருப்பேன் என்றேன். டாக்டரம்மா சத்தமாகச் சிரித்தார். திரும்பி வந்தால் போனது ஞாபகம் இருக்குமா? இருக்கும். நடுவில் நேரம் காணாமல் போகுமா, எப்படி இங்கே வந்தோம் என்றே தெரியாமல்? போகாது. உன் கை உன்னுடைய கையாகவே தெரியுமா? இந்தக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யார் கையாகத் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கு அப்படி இல்லீங்க" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

அத்தையை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இவ எங்கயோ போறா, வந்து சொல்றா. நான் எங்கயும் போறதில்லீங்க. ஆனா இங்கயும் இல்ல. இந்தக் கை என் கை மாதிரி இல்ல. சுட்டது தெரியல. கொல்லையில நிப்பேன், அப்புறம் பாத்தா வாய்க்கால்ல நிக்கிறேன். நடுவுல நடந்தது தெரியறதில்ல."

டாக்டரம்மா தன் நாற்காலியை அத்தை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எப்போதிலிருந்து என்று மெதுவாகக் கேட்டார். புயலிலிருந்து என்றாள் அத்தை. பிறகு நாங்கள் யாரும் கேள்விப்படாததைச் சொன்னாள். தண்ணீரில் ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டு, மாமியாரின் கையை இந்தக் கையால்தான் பிடித்துக்கொண்டிருந்தாளாம். எவ்வளவு நேரம் என்று தெரியாதாம். எப்போது நழுவியது என்றும் தெரியாதாம். பார்த்தபோது கையில் ஒன்றும் இல்லையாம்.

"பங்குனியில அவரு வர்றாரு. எங்கம்மா எங்கன்னு கேட்டா, இந்தக் கையத்தானே நான் காட்டணும்" என்றாள். அப்போதும் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

டாக்டரம்மா அப்பாவை மேலே கூப்பிட்டு அனுப்பினார். அப்பா வந்து, குற்றவாளி மாதிரி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வைத்தியத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்தது ரொம்பச் சரிங்க. ஆளைத்தான் மாத்திக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நெல்லுக்குக் காவல் இருந்தா யாருக்கும் போரடிக்கத்தான் செய்யும். உங்க தங்கச்சி விஷயம் வேற. தாங்க முடியாதது நடக்கும்போது மனசு ஆளத் தனியா ஒதுக்கி வச்சிடும். அன்னிக்கு அவங்க பிழைச்சதே அதனாலதான். புயல் ஓஞ்சு போச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியல. நாமதான் சொல்லணும், பக்குவமா."

ஊரெல்லாம் என்ன சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போது அப்பாவுக்கு உறைத்திருக்கவேண்டும். இறங்கி வந்து எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். அத்தைக்கு மட்டும் இரண்டாவது தோசை சொன்னார். திரும்பும்போது ஜன்னல் பக்கம் எனக்குத்தான் என்று எழுதாத சட்டம் இருந்தது. அன்றைக்கு அப்பா அதை அத்தைக்குக் கொடுத்தார், நானும் சண்டை போடவில்லை.

அதற்கப்புறம் வாராவாரம் அத்தையும் அப்பாவும் தஞ்சாவூர் போய் வந்தார்கள். கேட்டவர்களிடம் என் காதுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொன்னார்கள். ஊரில் பாதிப்பேர் என்னிடம் சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்தார்கள், பரவாயில்லை, பொறுத்துக்கொண்டேன். எனக்கு டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்திருந்தார். அத்தை அப்படி நின்றுவிட்டால் கத்தக்கூடாது, பிடித்து உலுக்கக்கூடாது. நான் யார், இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லி, கையில் ஏதாவது கொடுக்கவேண்டும். சூடோ குளிர்ச்சியோ சொரசொரப்போ, தொட்டால் தெரிகிற பொருளாக. போய்விட்டுத் திரும்பி வருகிற வழி உனக்குத்தானே தெரியும் என்று அவர் சொன்னதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

களத்தில் தொட்டால் தெரிகிற பொருளுக்குப் பஞ்சமா? வெயிலில் காய்ந்த நெல்லை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஓடுவேன். "அத்தை, நான்தான். இது நம்ம களம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இது நெல்லு" என்று கட்டுப் பிரித்திருந்த அவள் வலது கையில் கொட்டுவேன். முதலில் நெல் விரலிடுக்கு வழியாகத் தரையில் விழும். கொஞ்ச நாளில் விரல்கள் மடங்கி நெல்லைப் பிடித்துக்கொண்டன. அப்புறம் என்னோடு களத்தில் இறங்கித் துழாவவும் வந்தாள். பாதத்தில் நெல் குத்துகிறது என்றாள் ஒருநாள். அம்மா அடுப்படிக்கு ஓடிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருநாள் சோறு பிசைந்துகொண்டிருந்த அத்தை மாமியாருக்கு வஞ்சிரக் குழம்பு பிடிக்கும் என்று ஆரம்பித்து, சாயங்காலம் வரைக்கும் அழுதாள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அப்பா தேநீர்க் கடைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அத்தை இப்போது எண்பதை நெருங்குகிறாள். பேரன் பேத்தி எடுத்து, போனில் என்னைவிட நீளமாகப் பேசுகிறாள். அதனால் ஃப்ரிட்ஜ்காரியே, உனக்கு நான் சொல்வது இதுதான். திறந்துவைத்துக்கொண்டு நின்றாயே, அப்போது எங்கே போயிருந்தாய்? மகள் வீட்டுக்கோ, போன வருஷத்துக் கல்யாணத்துக்கோ, ஏதோ ஓர் இடம் சொல்வாய். சொல்ல முடிந்தால் கதவை மூடிவிட்டுப் போய் வேலையைப் பார். ஆனால் உங்கள் வீட்டில் எவளாவது, நான் எங்கேயும் போகவில்லை, இங்கேயும் இல்லை, இந்தக் கை என்னுடையது இல்லை என்று சொன்னால் அவளுக்கு வல்லாரை அரைக்காதீர்கள். அடக்கம் என்று மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அந்த வருஷம் மாமா வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பங்குனி பிறந்திருந்தது. கடைசி அவியல் நெல் களத்தில் கிடந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அத்தை களத்தோரத்து வேப்பமரத்து நிழலில் தகரக் கழியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு நேர் எதிரே மூளிக்காது ஆடு நின்று சாவகாசமாக நெல் தின்றுகொண்டிருக்கிறது. அத்தையின் கண் ஆட்டின் மேல்தான் இருக்கிறது. ஆள் அசையவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தோமே. பையைப் போட்டுவிட்டு நெல்லை அள்ளிக்கொண்டு ஓடினேன். கொல்லையிலிருந்து அம்மாவும் ஆட்டைப் பார்த்துவிட்டு விறகுக் கட்டையோடு வந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, நான்தான். இது நம்ம களம். இன்னிக்கு..."

"தெரியுது போடி" என்றாள் அத்தை எரிச்சலோடு. "கொஞ்சம் இருக்க விடமாட்டியா? நல்ல நேரத்துல வந்து கெடுத்துட்ட."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஆடுதுறையில் இருக்கும்போது கூப்பிட்டால் எனக்கு வருகிற அதே எரிச்சல். இதைவிட நல்ல சகுனம் வேறு உண்டா?

"எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டேன்.

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். அம்மா வந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"சிங்கப்பூருக்கு" என்றாள். "உங்க மாமாவப் பாத்தேன். எல்லாத்தையும் சொன்னேன்."

"மாமா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல." வலது கையை மடியிலிருந்து எடுத்து, புதுத்தோல் மூடியிருந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "என் கையப் புடிச்சுக்கிட்டாரு."

அம்மா விறகுக் கட்டையைக் கீழே போட்டாள். அத்தைக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து, சிங்கப்பூரில் மாமாவுக்குச் சாப்பாட்டுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். அத்தை சொல்ல ஆரம்பித்தாள். மூளிக்காது ஆட்டை அன்றைக்கு யாரும் விரட்டவில்லை.